ஊத்துக்குளியிலிருந்து பெரம்பூர் வரை: ரயிலா, விமானமா?

எங்கள் வீடு ஊத்துக்குளிக்கு வெளியே, ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. அக்கா வாழ்க்கைப்பட்டது சென்னைப் பெரம்பூரில். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், அக்கா வீட்டுக்காக மட்டுமின்றி வரி விசாரணைகளுக்காகவும் மாதம் ஒருமுறையாவது சென்னைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இரவு ரயிலைத் தவிர வேறு வழியை நான் நினைத்துப் பார்த்ததில்லை. பிறகு சில வாடிக்கையாளர்கள் விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, அவரைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டிய நிலையும் வந்தது. இப்போது இரண்டிலும் மாறி மாறிப் போய்வருகிறேன். கணக்கு எழுதுகிறவனின் பழக்கத்தால் ஒவ்வொரு பயணத்திலும் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த வாசலை மிதித்த நேரம், கையை விட்டுப் போன மொத்தப் பணம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். இதை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் ரயிலை ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அவினாசி வழியாகப் பீளமேட்டு விமான நிலையத்துக்குப் போகவே ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்ட்டர் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுவதால், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னதாகவாவது அங்கே இருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி வரும்வரை காத்திருந்து, வெளியே வருவதற்கு அரை மணி நேரம். அங்கிருந்து நகரத்தை முழுவதுமாகக் கடந்து வடக்கே பெரம்பூருக்குப் போக இன்னொரு ஒன்றேகால் மணி நேரம். தாமதமே இல்லாத நாட்களில் என் குறிப்பேட்டில் உள்ள மிகக் குறைந்த கணக்கு 5 மணி 20 நிமிடம். வந்தே பாரத் ரயிலுக்குத் திருப்பூர் நிலையத்தில் ஏறினால், சென்ட்ரலில் இறங்கிப் பெரம்பூர் வாசலை மிதிக்க ஆறே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆக, ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலான போட்டி என்று ஊரில் சொல்லப்படுவது, வாசலிலிருந்து வாசல் வரை எண்ணிப் பார்த்தால் ஒன்றரை மணி நேர வித்தியாசமாகச் சுருங்கிவிடுகிறது. அக்கா பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ குடியிருந்தால் இந்தக் கணக்கு விமானத்தின் பக்கம் நன்றாகவே சாயும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை விட அந்த ஊரில் எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

இந்த ஒப்பீட்டை எங்கள் பகுதிக்கு உரியதாக்கிய ஒரு நாள் உண்டு. 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் சென்னைக்கு வந்தபோது, சென்னை விமான நிலையத்தின் புதிய ஒருங்கிணைந்த முனையக் கட்டிடத்தைத் திறந்து வைத்ததும், சென்னை – கோவை வந்தே பாரத் ரயிலைக் கொடியசைத்து அனுப்பியதும் அந்த ஒரே நாளில்தான். அதற்கு முன்பு பகலில் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் கோவை எக்ஸ்பிரஸ், இன்டர்சிட்டி, சதாப்தி என்றுதான் இருந்தது. ஏறத்தாழ 495 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் கடக்கும் ரயில் வந்த பிறகுதான், விமானத்தில் போய்க்கொண்டிருந்த என் வாடிக்கையாளர்கள் சிலரும் திரும்ப ரயிலை யோசிக்கத் தொடங்கினார்கள்.

நேரத்தைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. விமானப் பயணத்தின் அந்த ஐந்தரை மணி நேரம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வண்டியில் கொஞ்சம், நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்ட நிற்பதில் கொஞ்சம், பெட்டி ஒப்படைக்கும் வரிசையில் கொஞ்சம், சோதனை வரிசையில் கொஞ்சம், அழைப்புக்காக நாற்காலியில் கொஞ்சம், விமானத்துக்கு அழைத்துச் செல்லும் பேருந்தில் நின்றபடி கொஞ்சம், பெல்ட் கட்டிக்கொண்டு ஓடுபாதைக்காகக் கொஞ்சம் என்று போகிறது. அதில் எந்தத் துண்டும் ஒரு கோப்பைத் திறந்து முழுதாகப் படித்து முடிக்கப் போதாது. ஒரு குட்டித் தூக்கத்துக்கும் போதாது. எப்போது எழுந்து நகர வேண்டியிருக்குமோ என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. ரயிலில் திருப்பூரில் உட்கார்ந்தால் சென்ட்ரல் வரை ஐந்து மணி நேரம் ஒரே முழுத் துணியாக என் கையில் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு முழுவதையும் சங்ககிரிக்கும் காட்பாடிக்கும் நடுவே சரிபார்த்து முடித்த நாட்கள் எனக்கு உண்டு. துணிக்கடையில் ஐந்து மீட்டர் துணியையும், ஐந்து மீட்டர் அளவுக்குச் சேர்ந்த வெட்டுத் துண்டுகளையும் ஒரே விலைக்கு யாரும் வாங்குவதில்லை. பயண நேரத்தை மட்டும் நாம் வெறும் நீளமாகவே அளந்து பழகிவிட்டோம்.

இரவு ரயிலின் கணக்கு இதிலும் வேறு. நீலகிரி எக்ஸ்பிரசோ சேரன் எக்ஸ்பிரசோ, சாப்பிட்டுவிட்டு ஏறிப் படுத்தால் விடியற்காலையில் சென்னை. வாசல் கணக்கில் அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அதில் ஆறு மணி நேரம் நான் எப்படியும் எங்கள் வீட்டுத் திண்ணையிலாவது தூங்கிக் கழித்திருக்க வேண்டிய நேரம். காலை பத்தரை மணி விசாரணைக்கு விமானத்தில் போக வேண்டுமென்றால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும். இல்லையென்றால் முதல் நாளே போய் விடுதி அறை எடுக்க வேண்டும். இரவு ரயில் விடுதியின் செலவையும் மறுநாளின் அசதியையும் ஒருசேர மிச்சப்படுத்துகிறது. தொழிலுக்காகப் போகிறவர்களுக்கு, படுத்துக்கொள்ள இடம் உறுதியாகக் கிடைக்குமானால், இதற்கு இணையான வழி எதுவும் இல்லை என்பதே என் முடிவு.

அந்த "உறுதியாகக் கிடைக்குமானால்" என்பதில்தான் ரயிலின் பெரிய குறை இருக்கிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. வெள்ளி இரவு, ஞாயிறு இரவு, பொங்கல், தீபாவளி என்றால் பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே காத்திருப்புப் பட்டியல் வந்துவிடுகிறது. தட்கல் என்றால் பயணத்துக்கு முதல் நாள் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்று கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆர்ஏசி கிடைத்தால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை முன்பின் தெரியாத இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு, காலை மடக்கியபடி இரவைக் கடத்த வேண்டும். அப்படி நான் போன இரவுகளுக்கு மறுநாள், மேலே சொன்ன தூக்கக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. விமானத்தில் காத்திருப்புப் பட்டியல் என்ற தவிப்பு இல்லை. பணம் கொடுத்தால் இருக்கை உங்களுடையது. எவ்வளவு பணம் என்பதுதான் கேள்வி.

பணக் கணக்கில் ரயில் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. திருப்பூரிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பரில் முந்நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். மூன்றடுக்கு ஏசியில் 900 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வந்தே பாரத் சேர் கார் சாப்பாட்டோடு 1,300 ரூபாயை ஒட்டி வரும். விமானச் சீட்டுக்கு நான் கொடுத்ததில் மிகக் குறைந்தது 2,600 ரூபாய். அதிகபட்சம், ஒரு பொங்கல் முடிந்த ஞாயிறன்று, 9,000 ரூபாய்க்கு மேல். ஆனால் சீட்டின் விலை மட்டும் செலவாகாது. எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வாடகைக் காருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. திருப்பூர் நிலையத்துக்கோ என் இருசக்கர வாகனத்துக்கான பெட்ரோலும் நிறுத்தக் கட்டணமும் போதும். மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு மெட்ரோ ரயில் இருப்பது ஒரு பெரிய ஆறுதல். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை அது வந்த பிறகு, ஒற்றை ஆளாகப் போகும்போது நான் வாடகைக் காரை நினைப்பதே இல்லை. அதே வண்டி சென்ட்ரலுக்கே கொண்டுபோய் விடுகிறது. பெட்டியும் அம்மாவும் கூட இருந்தால் மட்டும்தான் கார். எல்லாவற்றையும் கூட்டினால், ஒரு நபர் விமானத்தில் போகும் செலவில் எங்கள் குடும்பத்தில் நான்கு பேர் மூன்றடுக்கு ஏசியில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதே என் குறிப்பேட்டின் சராசரி.

திட்டம் மாறினால் ஆகும் இழப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விசாரணைத் தேதிகள் தள்ளிப்போவது எங்கள் தொழிலில் சாதாரணம். மூன்றடுக்கு ஏசி சீட்டை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே ரத்து செய்தபோது 180 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மலிவு விலை விமானச் சீட்டு ஒன்றை அதேபோல் ரத்து செய்தபோது, திரும்பி வந்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் போதுமாக இருந்தது.

ஆனால் ரயிலின் மேல் எனக்கு ஒரு மனவருத்தமும் உண்டு. முன்பெல்லாம் 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஊத்துக்குளியில் வெண்ணெய் விற்றும், மாடு கறந்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டு, இப்போது பேரக் குழந்தைகளைப் பார்க்க ரயிலேறும் பெண்கள் பலரை நான் அறிவேன். அவர்களுக்கு அந்தப் பாதிக் கட்டணம் சிறிய தொகை இல்லை. சலுகை இருந்தபோது ஆண்டுக்கு மூன்று முறை போனவர்கள் இப்போது ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது திரும்ப வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அம்மாவோடு விமானத்தில் போன கதை. அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. முதல் விமானப் பயணம் என்பதால் அவருக்கு ஆவலும் தயக்கமும் கலந்திருந்தன. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. பெரிய பெட்டியில் நெய்யும், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு என்று தனியாகக் கட்டிய துவரம் பருப்பும் போயின. 15 கிலோ நிறைந்துவிட்டதால், தோப்பில் அன்று காலை உரித்த நான்கு தேங்காய்களை நான் பார்க்காத நேரத்தில் கைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சோதனை வரிசைக்கு வந்தபோது கருவி பையைக் காட்டிக்கொடுத்தது. கைப்பையில் தேங்காய் கொண்டுபோக அனுமதி இல்லை என்று பெண் காவலர் சொன்னார்.

"ஏங்கண்ணு, நம்ம மரத்துக் காயிங்க. இதுக்குள்ள நான் என்னத்தக் கொண்டுபோகப் போறேன்?" என்று அம்மா அவரிடமே கேட்டார்.

"தெரியுங்கம்மா. ஆனா விதி அப்படிங்க. எண்ணெய் இருக்குற பொருளுங்க, அதனாலதான்," என்று அந்தப் பெண் பொறுமையாகவே பதில் சொன்னார்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்த பிறகு நான் விளக்கமாகச் சொன்னேன். தேங்காய்க்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கொப்பரையைப் பெட்டியில் வைத்துக்கூடக் கொண்டுபோக முடியாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. நான் எதிர்பார்த்தது மறுப்பு. ஆனால் அம்மாவின் பிறந்த ஊர் காங்கயம் பக்கம். கொப்பரைக் களங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "அது உண்மைதான் கண்ணு. ஈரம் போகாம அம்பாரமாக் குமிச்சு வெச்சா உள்ள கைய வெக்க முடியாது, அப்படிக் கொதிக்கும். எங்க அப்பாரு ராத்திரி எந்திரிச்சுப் போய்க் கிளறி விடுவாரு," என்றார். விதி புத்தகத்தில் படித்ததை எனக்கு விளங்க வைத்தது அந்தக் களத்து நினைவுதான். 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காயோடு விமானம் ஏறக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனி அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். அம்மாவுக்கு நியாயம் புரிந்தது. ஆனாலும் நான்கு காய்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தது சென்னை போய்ச் சேரும் வரை அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். தேங்காய்க்குத் தடை சொல்லி எங்களை யாரும் இதுவரை நிறுத்தியதில்லை.

அதே விமான நிலையத்தில்தான் நான் நன்றியோடு நினைக்கும் ஒன்றும் நடந்தது. சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்திருந்தேன். தனிக் கட்டணம் எதுவும் இல்லை. நுழைவாயிலிலேயே ஓர் இளைஞர் நாற்காலியோடு வந்தார். முதலில் அம்மா உட்கார மறுத்தார். நடக்க முடிந்தவர் நாற்காலியில் போவதை ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் அவருக்கு. "இங்க யாருங் பாட்டிம்மா உங்களப் பாக்கப் போறாங்க, உக்காருங்க," என்று அந்தத் தம்பி சொல்லி உட்கார வைத்தார். எல்லா வரிசைகளிலும் முன்னால் விட்டார்கள். படிக்கட்டு ஏறவே தேவையில்லாமல் விமானத்தின் வாயில் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சென்னையிலும் இன்னொருவர் நாற்காலியோடு நின்றிருந்தார். முழங்கால் வலி வந்த பிறகு அம்மா வலியில்லாமல் சென்னை வாசலை மிதித்தது அந்த நாளில்தான். "நல்லா இரு சாமி" என்று அவர்கள் இருவரின் தலையிலும் கையை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

ரயிலில் இது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. திருப்பூரில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம் போல. பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று பலகையைப் பார்த்து நின்றாலும், சில நாள் நான்கு பெட்டி தள்ளி நின்றுவிடுகிறது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு ஓட வேண்டும். அதன் பிறகு அந்தப் படிகள். செங்குத்தான, குறுகலான இரும்புப் படிகள். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. ஒருமுறை அம்மா முதல் படியில் காலை வைத்துவிட்டு இரண்டாவதுக்குத் தூக்க முடியாமல் நின்றுவிட, பின்னால் நின்றவர்கள் அவசரப்பட, விசில் சத்தம் கேட்டுவிட்டது. உள்ளே இருந்த ஒரு கல்லூரி மாணவர் இரண்டு கைகளையும் நீட்டி அவரைத் தூக்கியே ஏற்றிவிட்டார். அன்றிரவு அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருந்தும் தூக்கம் வரவில்லை. மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் படுக்கையை எட்டுவதற்கு முன் அந்த மூன்று படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். வந்தே பாரத்தில் கதவு திறக்கும்போது நடைமேடையை நோக்கி ஒரு படி நீண்டு வருகிறது. உள்ளே போவது வீட்டு வாசற்படியைத் தாண்டுவது போல இருக்கிறது. எல்லா வண்டிகளும் இப்படி ஆக வேண்டும். என் பார்வையில் வேகத்தை விட இதுவே முதலில் வர வேண்டியது.

உட்கார்ந்த பிறகான வசதிக்கு வருவோம். விமான இருக்கையில் என் முழங்கால் முன்னிருக்கையைத் தொடுகிறது. நடு இருக்கை கிடைத்தால் இரண்டு முழங்கைகளையும் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம்தானே என்று பொறுத்துக்கொள்ளலாம். அதை விட அம்மாவைப் படுத்தியது காது அடைப்பு. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைக் கடல் மட்டத்தில் இருப்பது போல வைத்திருப்பதில்லை. பெரும்பாலான விமானங்களில் அது 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல அமைகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தை ஒட்டிய பொழுதில் மெல்ல ஏறி நம்மைக் கொண்டுபோய் விடும் அந்த உயரத்துக்கு, விமானத்தில் நம் காது அரை மணி நேரத்துக்குள் ஏறுகிறது. பிறகு அதே வேகத்தில் இறங்கவும் வேண்டும். இறங்கும்போதுதான் வலி அதிகம். எச்சிலை விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழல் திறந்து அழுத்தம் சமமாகும் என்பதால், அடுத்த முறை அம்மாவுக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்துச் சப்பச் சொன்னேன், வலி குறைந்தது. சளி பிடித்திருக்கும் நாட்களில் மட்டும் விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஆனி, ஆடி மாதங்களில் கோவைக்கு வரும் விமானம் இறங்கும்போது நன்றாகவே குலுங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது; மேலே பறப்பதை மட்டும் அது விட்டுவைக்குமா? ஆனால் தெளிந்த மாலையில் சன்னலோர இருக்கை கிடைத்தால், நம் மண்ணை மேலிருந்து பார்ப்பது மறக்க முடியாத காட்சி. செம்மண்ணும் தென்னந்தோப்புமாகக் கட்டம் கட்டமாகக் கிடக்கும் விளைநிலங்களுக்கு நடுவே, கிளுவை வேலிகள் கோடு போட்டது போலத் தெரியும்.

இரவு ரயிலில் காட்சி இல்லை; தூக்கம் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை படுக்கை நேரம் என்று விதி இருந்தாலும், கைபேசியில் சத்தமாகப் படம் பார்க்கிறவர்களையும் விளக்கை அணைக்காதவர்களையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கழிவறையின் தூய்மை வண்டி சேலத்தைத் தாண்டுவதற்குள் கெட்டுவிடுகிறது. பெண்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் படும் பாட்டை நான் நேரில் பார்க்கிறேன். இந்த ஒன்றில் விமான நிலையங்கள் நெடுந்தூரம் முன்னே இருக்கின்றன. ஆனாலும் ஈரோட்டைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் வண்டி ஏறும்போது எழும் அந்த மாறிய ஓசை, பாதித் தூக்கத்தில் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். அதைக் கேட்ட பிறகுதான் முழுத் தூக்கம் வரும்.

தாமதம் இரண்டிலும் உண்டு. ஒருமுறை சென்னையிலிருந்து திரும்பும்போது மழையால் விமானம் நான்கு மணி நேரம் தாமதமானது. மழைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அரை மணி அரை மணியாகத் தள்ளித் தள்ளிச் செய்தி அனுப்பியதுதான் வேதனை. முதலிலேயே நான்கு மணி நேரம் என்று தெரிந்திருந்தால் நான் சென்ட்ரலுக்குப் போய் ரயிலைப் பிடித்திருப்பேன். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் காத்திருப்போருக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கிறது என்பதால், கேட்க வேண்டும் என்பதைச் சொல்லி வைக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் ஒரு தேநீருக்குக் கொடுக்கும் விலை பலருக்கும் நெருடலாக இருந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்குத் தேநீர் கிடைக்கும் உடான் யாத்ரி கஃபே திறக்கப்பட்டது நல்ல காரியம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு பயணத்தைக் குறிப்பேட்டில் தனியாக வைத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் அக்கா வீட்டில் இருந்தபோது, விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பகல் ரயிலில் ஏறியிருந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆகியிருக்கும். அக்காவும் நானும் காலை முதல் விமானத்தைப் பிடித்தோம். ஒன்பதரை மணிக்கு மருத்துவமனையில் அப்பாவின் பக்கத்தில் இருந்தோம். அவர் எங்களை அடையாளம் கண்டு, "சாப்டீங்களா?" என்று கேட்டார். பதினொரு மணிக்கு மேல் அவர் பேசவில்லை. அந்த இரண்டு சீட்டுகளுக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அந்த வரியில் மட்டும் செலவு என்ற இடத்தை நான் நிரப்பவில்லை. இரவு ரயிலின் மேல் எனக்குள்ள பற்று எதுவும் அந்தக் காலை நேரத்தை எனக்குத் தந்திருக்க முடியாது.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான். நான் தனியாகத் தொழிலுக்குப் போனால் இரவு ரயில். படுக்கை உறுதியாகவில்லை என்றால் வந்தே பாரத். அவசரம் என்றால் விலையைப் பார்க்காமல் விமானம். அம்மாவோடு போவதற்குத்தான் இன்னும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. படியில்லாத வழி விமானத்தில் இருக்கிறது. காது வலியில்லாத வழி ரயிலில் இருக்கிறது.

அடுத்த மாதம் முழங்காலை மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்தே பாரத்தில் திருப்பூரிலிருந்து இரண்டு இருக்கைகள், கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும்படி எடுத்திருக்கிறேன். சீட்டு உறுதியான செய்தியைச் சொன்னதும், அம்மா தோப்புக்குப் போய்ப் பறிக்கிறவரிடம் கிழக்கு வரிசை மரத்தில் எட்டுக் காய்களை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.